காரை ஓடையில் சுறாப் பல்

பள்ளிப்பட்டில் சுறாப் பல் கிடைக்காது. எத்தனை ஆழம் தோண்டினாலும் கிடைக்காது. எங்கள் ஊரைத் தாங்கி நிற்கும் பாறைக்கு வயது இருநூற்றைம்பது கோடி ஆண்டுக்கு மேல். எந்த உயிரின் வாயிலும் பல் முளைத்திராத காலத்துப் பாறை அது. பல் தேடும் ஆசை வந்தவன் ஊரை விட்டுக் கிளம்பத்தான் வேண்டும். திருத்தணி, அரக்கோணம், செங்கல்பட்டு, விழுப்புரம் என்று வண்டி மாறி அரியலூர். அங்கிருந்து பேருந்தில் பெரம்பலூர்ப் பக்கம். காரை, ஒடியம், குன்னம், கருடமங்கலம். வரைபடத்தில் சின்னப் புள்ளிகளாக இருக்கும் இந்த ஊர்ப் பெயர்களை உலகம் முழுவதும் உள்ள தொல்லுயிர் ஆய்வாளர்கள் அறிவார்கள்.

காரையைத் தாண்டினால் களிமண் மேடுகள். மழை அறுத்து அறுத்து ஓடைகளாகப் பிளந்த நிலம், புல்கூட ஒழுங்காகப் பிடிப்பதில்லை. களிமண்ணுக்குள் ஜிப்சம் தகடு தகடாக ஓடுகிறது, வெயிலில் கண்ணைப் பறிக்கும். காலடியில் தோட்டா வடிவத்தில் நீளநீளமாகக் கிடப்பவை பெலெம்னைட்டுகள், கணவாய்க்கு உறவான ஓர் உயிரின் உள் ஓடு. கொஞ்சம் பொறுமை இருந்தால் அம்மோனைட் சுருள் ஒன்று கண்ணில் படும். பல் அப்படிப் படுவதில்லை. பெரும்பாலான பற்கள் விரல் நகத்தைவிடச் சிறியவை. மழை பெய்து ஓய்ந்த மறுநாள், வெயில் சாய்வாக விழும் நேரத்தில், ஓடைச் சரிவில் குந்தியபடியே நகர வேண்டும். மண்ணும் கல்லும் ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். பல்லின் எனாமல் மட்டும் அதைத் திருப்பித் தரும். அந்தப் பளபளப்புக்குக் கண் பழகிவிட்டால் பிறகு மறக்காது.

ஒருமுறை ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா வெகுநேரம் என்னைப் பார்த்துவிட்டு, “என்னத்தப்பா தொலைச்சுட்ட?” என்று கேட்டார். “தொலைக்கலம்மா, பல்லு தேடுறேன். சுறாமீன் பல்லு” என்றேன். “இங்க ஏதுப்பா கடலு?” என்றார். இந்தப் பொழுதுபோக்கின் சாரமே அந்தக் கேள்விதான். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அப்போது இந்தியா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, மடகாஸ்கரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கடல் அன்றைக்குக் காரை வரைக்கும் ஏறி நின்றது. பின்னால் பல கட்டங்களாகக் கிழக்கே பின்வாங்கியது. உட்கார்ந்து இதைச் சொன்னபோது அவர் நம்பினாரா என்று தெரியாது, ஆனால் பெலெம்னைட் ஒன்றை எடுத்துக் காட்டி, “இது எங்க கொல்லையில கூடை கூடையா கெடக்கும்” என்றார்.

ஏன் பல்? சுறாவுக்கு எலும்பு கிடையாது, உடம்பு முழுவதும் குருத்தெலும்பு. செத்தால் அது கரைந்துபோகும். மிஞ்சுவது பல். அந்தப் பல்லும் சுறாவின் வாயில் நிலையாக இருப்பதில்லை. முன்வரிசை விழ விழப் பின்வரிசை நகர்ந்து வந்து நிற்கும், ஒரு சுறா தன் ஆயுளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கிறது. காசிமேட்டில் சுறா அறுப்பவர்களிடம் தாடையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்: வெளியே தெரியும் வரிசைக்குப் பின்னால், ஈறுக்குள் மடிந்து படுத்தபடி, முறை வரக் காத்திருக்கும் பற்கள் அடுக்கடுக்காக இருக்கும். புட்டுக்காகப் பால் சுறா வாங்கப் போகிறவர்கள் இந்த அழகைப் பார்க்காமல் திரும்புவது எனக்கு வருத்தம். எல்லாச் சுறாப் பல்லும் கத்தி அல்ல. காரைப் படிவுகளிலிருந்து விவரிக்கப்பட்ட டைக்கோடஸ் என்ற சுறாவின் பல் தட்டையானது, மேலே வரிவரியாக மடிப்புகள் கொண்டது. சிப்பிகளை நொறுக்கித் தின்ற வாய் அது. பல்லைப் பார்த்தாலே அன்றைய சாப்பாடு தெரிந்துவிடுகிறது.

மால்டா தீவில் இத்தகைய பற்களைக் கல்லாகிப்போன பாம்பு நாக்குகள் என்று நம்பி, விஷமுறிவுக்குத் தாயத்தாகக் கட்டிக்கொண்டார்கள். 1666இல் இத்தாலியக் கரையில் பிடிபட்ட பெருஞ்சுறா ஒன்றின் தலை நிக்கோலாஸ் ஸ்டெனோ என்ற உடற்கூறு நிபுணரிடம் வந்தது. அதன் வாயில் இருந்த பற்களும் மலையில் கிடைத்த ‘நாக்குகளும்’ ஒரே வடிவம் என்பதை அவர் 1667இல் எழுதினார். மலை ஒரு காலத்தில் கடலடி என்றால், அடியில் உள்ள அடுக்கு முதலில் படிந்தது, மேலே உள்ளது பின்னால் படிந்தது என்று அவர் சிந்தனை அங்கிருந்து விரிந்தது. நிலவியல் என்ற படிப்பின் வேர்களில் ஒன்று ஒரு மீன் தலை.

நம் பக்கத்தில் இதைத் தொடங்கியவர்களும் பொழுதுபோக்காளர்களே. 1840களில் கேய், கன்லிஃப் என்ற இரண்டு சென்னை சிவில் சர்வீஸ் அதிகாரிகள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் கல் பொறுக்கினார்கள். அவர்கள் லண்டனுக்கு அனுப்பிய மீன் எச்சங்களை எகர்ட்டன் என்ற ஆய்வாளர் 1845இல் விவரித்தார். நிலவியலாளர் பிளான்ஃபோர்ட் வந்து ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று அடுக்குகளைப் பிரித்ததும், தொல்லுயிர் ஆய்வாளர் ஸ்டோலிச்கா சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் வகைப்படுத்திப் பல தொகுதிகள் எழுதியதும் அதற்குப் பிறகுதான். கச்சேரி வேலை முடிந்தபின் ஓடைகளில் அலைந்த அந்த இருவரிடமும் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. கிடைத்ததை வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளாமல், எந்த ஊரில் கிடைத்தது என்ற குறிப்போடு அனுப்பினார்களே, அதனால்.

சுறாப் பல் கிடைக்கிறதே என்று திமிங்கிலப் பல் கேட்டு அரியலூருக்குப் போக முடியாது. அந்தக் கடலில் திமிங்கிலமே இல்லை. காற்றைச் சுவாசித்து நீந்திய பெரிய வேட்டையாளிகள் இக்தியோசார் போன்ற ஊர்வனவே, அவற்றின் பற்களும் காரையில் கிடைத்திருக்கின்றன. பாலூட்டிகள் கடலில் இறங்கிய கதைக்குக் கட்சுக்கும் காஷ்மீருக்கும் போக வேண்டும். ரங்கா ராவ் என்ற நிலவியலாளர் ஜம்மு காஷ்மீரின் காலாகோட்டில் சேகரித்த பாறைகள் அவர் மறைவுக்குப் பின்னும் உடைக்கப்படாமல் கிடந்தன. அவர் மனைவி அவற்றைத் தேவிசன் என்ற ஆய்வாளரிடம் ஒப்படைத்தார். பாறைக்குள்ளிருந்து வெளிவந்த, பூனையளவே இருந்த குளம்புக்கால் விலங்கு இண்டோஹயஸின் காதெலும்பு திமிங்கிலத்தினுடையதைப் போல் தடித்திருந்தது. அது தண்ணீரில் நேரம் கழித்த விலங்கு என்பதற்குச் சான்று தந்தவற்றில் அதன் பல்லும் ஒன்று: எனாமலில் இருந்த ஆக்ஸிஜன் வகைகளை அளந்து சொன்னார்கள். 2007இல் இது வெளிவந்தது. அந்தப் பாறைகள் எங்கிருந்து வந்தவை என்பது தெரியாமல் போயிருந்தால், அது யாருக்கும் பயன்படாத கல் குவியலாகவே முடிந்திருக்கும்.

அதனால்தான் பல்லைவிடச் சீட்டு முக்கியம் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஊர், ஓடை, தரையிலிருந்து எத்தனை அடி, களிமண்ணா மணற்கல்லா, தேதி. அதோடு, குத்தித் தோண்டுவதில்லை. மழை கழுவி வெளியே தள்ளியதை மட்டும் எடுப்பது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் அரசு நிலத்தில் முதுகெலும்பிப் புதைபடிவம் எடுக்க அனுமதிச் சீட்டு வேண்டும்; சுறாப் பல்லுக்கு மட்டும் விலக்கு. அங்கே அவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது. காரையில் அப்படி இல்லை. இணையத்தில் ‘திருச்சி அம்மோனைட்’ என்று விலை போட்டு விற்கப்படும் கல்லைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. எந்த அடுக்கு என்று கேட்டால் விற்பவருக்குத் தெரியாது. அடுக்கு போனால் வயது போயிற்று.

எங்கள் கொசஸ்தலை ஆறும் இதைச் சொல்லித் தந்திருக்கிறது. கிருஷ்ணாபுரம் அணை திறந்தால் பள்ளிப்பட்டுத் தரைப்பாலங்களை மூழ்கடித்துப் போகும் அதே ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட், வில்லியம் கிங் என்ற நிலவியலாளர்கள் கற்கருவி கண்ட இடம். பின்னால் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அங்கே அடுக்கடுக்காகத் தோண்டி, ஒவ்வொன்றும் கிடைத்த ஆழத்தைக் குறித்து, பதினைந்து லட்சம் ஆண்டு வரை வயது கணித்தது. அந்த அகழ்வில் குதிரை இனத்தின் பல்லும் மாட்டினத்தின் பல்லும் கிடைத்தன. அடுக்கின் பாடத்தைக் கற்கப் பள்ளிப்பட்டுப் பிள்ளைகள் அரியலூர் வரை போக வேண்டியதில்லை. முதலில் பூண்டி தொல்பழங்கால அருங்காட்சியகத்துக்குப் போய் ஆற்றின் கதையைப் பார்க்கட்டும்.

அரியலூரில் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. சிமெண்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் மைன்ஸ்களில் ஆய்வாளருக்கு முன்னால் பல்லைப் பார்ப்பவர் அங்கே வேலை செய்கிறவர்தான். ஒவ்வொரு மைன்ஸ் வாசலிலும் ஒரு மரப்பெட்டி, ஒரு நோட்டு. எடுத்தவர் பெயர், குழி, ஆழம், தேதி என்று நாலு வரி எழுதிப் பல்லைப் பெட்டியில் போட வேண்டும். மாதம் ஒருமுறை அந்தப் பெட்டி வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். அங்கே வைக்கும் அட்டையில் எடுத்தவர் பெயரும் இருக்க வேண்டும்.