எலுமிச்சம்பழமும் கியர் பாக்ஸும்

தமிழ்நாட்டில் கார் வாங்கியதும் முதல் வேலை என்ன? சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது! அமெரிக்காவிலோ கதையே வேறு. அங்கே வாங்கி ஏமாந்த ஓட்டைக் காருக்குப் பெயரே எலுமிச்சம்பழம்தான் :-)

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் அந்தப் பெயரை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். பழைய காரின் கோளாறு விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த வித்தியாசம் சந்தையையே கெடுத்துவிடும் என்றார். 2001-ல் வேறு இருவரோடு சேர்ந்து நோபல் பரிசும் வாங்கினார்.

சரி, ராஜபாளையத்துக்கு வாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ஒருவர் அங்கே ஒரு பழைய மாருதி 800-ஐப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கண்ணே" என்கிறார் புரோக்கர். ஸ்ரீவில்லிபுத்தூர் வரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். வண்டி வெண்ணெய் மாதிரி போகிறது. அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.

சிக்கலே அங்கேதான். மேற்கே மலை தெரிந்தாலும் அந்த ரோடு சமதளம். தேய்ந்த கிளட்ச் சமதளத்தில் லேசில் மாட்டிக்கொள்ளாது. கார்த்திகையில் மாலை போட்டு, நாலு சாமிகளை ஏற்றிக்கொண்டு, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் ஏறும்போதுதான் கருகல் வாடை வரும். இஞ்சின் கத்தும், வண்டி நகராது. நடுராத்திரி, மலை ரோடு, பின்னால் லாரி வரிசை...

ஆகவே காசு கொடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

1. சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, மூன்றாவது கியர் போட்டு, கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்துக் கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். இஞ்சின் அணைந்துவிட்டால் நல்லது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. இந்தச் சோதனை ஒரே ஒரு தடவை போதும், முன்னால் ஆள் நிற்கக் கூடாது.

2. இஞ்சின் ஓடும்போது எல்லா கியரும் முரண்டு பிடிக்கிறது, அணைத்தால் சுலபமாக விழுகிறது. அப்படியானால் பெரும்பாலும் குற்றம் கியர் பாக்ஸில் இல்லை. கிளட்ச் முழுசாக விடுபடவில்லை. சில சமயம் கேபிளைச் சரிசெய்தாலே போதும்!

3. ஒரே ஒரு கியர் மட்டும் "கர்ர்" என்கிறதா? அந்தக் கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கலாம். இது நிஜமாகவே கியர் பாக்ஸ் வேலை.

4. நியூட்ரலில் வரும் சத்தம் கிளட்ச்சை மிதித்ததும் நின்றால், கியர் பாக்ஸ் பேரிங்கைச் சந்தேகப்படலாம். மாறாக, மிதித்ததும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங்.

5. இறக்கத்தில் கியர் தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வருகிறதா? இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஆடிப்பூரத் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மலை இறக்கத்தில் காருக்கு அந்த வேலையைச் செய்வது கியர்தான். அது கழன்றால் முழுப் பாரமும் பிரேக் தலையில்.

6. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திரும்பும்போது "டிக் டிக்" என்றால் அது ஆக்ஸில் ஜாயிண்ட். கியர் பாக்ஸைப் பிரிக்க விடாதீர்கள்.

கிளட்ச் இல்லாமல் ஓடும் ஏஎம்டி கார்களிலும் (2014-ல் செலேரியோவோடு பிரபலமானவை) உள்ளே கிளட்ச் தட்டு உண்டு. மிதிப்பது காலுக்குப் பதில் இயந்திரம், அவ்வளவுதான். எனவே அதுவும் தேயும்.

இந்தத் தெரியும்-தெரியாது வித்தியாசம் ஒர்க் ஷாப்பிலும் உண்டு. "கியர் பாக்ஸை இறக்கணும்" என்றதும் பலருக்கு நெஞ்சு அடைக்கும். கிளட்ச் தட்டு மாற்றவே அதை இறக்கித்தான் ஆகவேண்டும். இறக்குவது வேறு, பிரிப்பது வேறு. பில்லில் அந்த ஒரு வார்த்தைக்கு வித்தியாசம் பல ஆயிரம். "இறக்குறீங்களா, பிரிக்கிறீங்களாண்ணே?" என்று கேட்டாலே எதிரே இருப்பவருக்குப் புரிந்துவிடும், ஆள் விவரமானவர் என்று. இறக்கியதும் இறக்கியாயிற்று, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் நிலையையும் அப்போதே பார்த்துவிட்டால் இரண்டாவது தடவை கூலி மிச்சம்.

சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வையுங்கள், தப்பில்லை. வண்டியே எலுமிச்சம்பழமா என்று அதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள்!