கயிற்றுக்கூடத்துக் கணக்கு

மாணவர்களே, பொள்ளாச்சியை அடுத்த சிற்றூரில் என் பழைய மாணாக்கர் ஒருவர் தென்னை நாரைக் கயிறாகத் திரிக்கும் கூடம் நடத்தி வருகின்றார். பெண்கள் 12 பேர் அங்கு உழைக்கின்றனர். முன்பு அவர்களது வருகைக் கணக்கு முதலாளியின் பேரேட்டிலேயே உறங்கியது. அரைநாட் கூலி விடுபடினும் கேட்பதற்குச் சான்று இல்லை. இன்றோ அதனைக் கைப்பேசியின் கணக்குத்தாளில் குறித்து, மாலைதோறும் அனைவர்க்கும் வாட்ஸ்அப் வழியே அனுப்புகின்றார். விரைவைக் காட்டிலும் இவ்வெளிப்படையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. சனிக்கிழமைதோறும் கூலி, 2016-இல் தோன்றிய யுபிஐ முறையில், அவரவர் வங்கிக் கணக்கைச் சேர்கிறது.

பொத்தான் கைப்பேசி மட்டுமே உடைய மூதாட்டி ஒருவர்க்குத் தோழியர் தாளைப் படித்துக் காட்டுவர். அவரோ நாளுக்கொரு முடிச்சாகக் கயிற்றில் இட்டு வைத்திருப்பார். சென்ற வாரம் தாளில் ஐந்து நாள். கயிற்றில் ஆறு முடிச்சு. கூலி அனுப்பப்படுமுன் தாள் திருத்தப்பெற்றது.