உப்பு குடித்த தகடு

ஆகஸ்ட் 11, 2024. தூத்துக்குடி

இன்று அண்ணாச்சி பட்டறையில் எங்கள் பத்மினி காரைத் தூக்கி நிறுத்தினோம். கதவுகளுக்குக் கீழே ஓடுகிற பெட்டித் தகட்டை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங். இடது ஜாக்கி போடுகிற இடத்தில் மட்டும் ‘தப்’. நுனியைத் திருப்பி லேசாக அமுக்கினார், உள்ளே இறங்கிவிட்டது. மேலே பெயிண்டு பளபளவென்றுதான் இருக்கிறது. அடித்து ஏழு மாதம்கூட ஆகவில்லை.

போன டிசம்பர் 17, 18 மழையில் எங்கள் தெருவில் சீட் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டிய மழை அது. வடிந்ததும் வண்டியை வேறொரு பட்டறையில் விட்டோம். சீட்டைக் காயவைத்து, பட்டி போட்டு, பெயிண்டு அடித்து, அடியில் கறுப்புக் கோட்டிங் கனமாகப் பூசித் தந்தார்கள். உள்கூட்டை யாரும் திறந்து பார்க்கவில்லை. தண்ணீர் வடிகிற ஓட்டைகள் மேலேயும் கறுப்பு பூசியிருக்கிறது. சேற்றை உள்ளே விட்டு மூடி போட்ட மாதிரி. நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆகஸ்ட் 13

போனில் மாட்டுகிற குழாய்க் கேமராவை உள்ளே விட்டோம். அப்பாவும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். 1986-இல் புதிதாக எடுத்த வண்டி. இத்தனை வருஷத்தில் அவரும் இன்றுதான் அதன் உள்பக்கத்தைப் பார்க்கிறார். தரையில் ஒரு விரல் கனம் வண்டல், வெயிலில் வெடித்த கண்மாய் மாதிரி. சுவர்களில் செம்மண் நிறத் துரு. ஆனால் பல இடத்தில் கம்பெனி பெயிண்டு இன்னும் சாம்பலாகத் தெரிந்தது. “முக்காவாசி நல்லாத்தான் இருக்கு, கவலப்படாதம்மா” என்றார் அண்ணாச்சி.

பத்மினிக்குத் தனிச் சேஸி கிடையாது. இந்தப் பெட்டிகள்தான் வண்டியின் முதுகெலும்பு. அலங்காரத் தகடு போனால் பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். இது போனால் வண்டியே வளைந்துவிடும்.

ஆகஸ்ட் 14

இற்றுப்போன துண்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தாயிற்று. வெல்டிங் எப்போதும் முதலில். துருவைத் தடுக்கப் பெட்டிக்குள் அடிக்கப்போகிற மெழுகு உள்ளே போனபின் சூடு காட்டினால் தீப்பிடிக்கும். இன்னொரு காரணமும் சொன்னார் அண்ணாச்சி: பற்றவைத்த இடத்தின் உள்பக்கத்தில் பெயிண்டு கருகிப்போயிருக்கும், துரு முதலில் ஏறுவது அங்கேதான்.

புதுத் தகட்டில் மிஞ்சியதில் இரண்டு பட்டை நறுக்கி வாங்கி வந்தேன்.

ஆகஸ்ட் 17

கழுவினோம். போர் தண்ணீர் கூடாது என்று நான் ஒரே பிடியாக நின்றேன். இந்த ஊர் போர் தண்ணீரால் கழுவினால் உப்பை உப்பால் கழுவுவதுதான். நான்கு குடம் தாமிரபரணித் தண்ணீர் வீட்டிலிருந்து போனது. பெட்டிக்குள் குழாயை விட்டு அடித்தபோது முதலில் வந்தது கஞ்சி மாதிரி மண், பிறகு காபி நிறம், பிறகு தெளிவு.

உப்பளக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீர் விட்டுக்கொள்ளும். அடுக்களை ஜாடியில் நாம் பார்ப்பதுதான். தகட்டு மடிப்பில் உப்பு தங்கினால் மழையே வேண்டாம், ராத்திரிக் கடல்காற்று போதும் துருவுக்கு.

ஆகஸ்ட் 23

ஆறு நாள் வெயிலில், கதவைத் திறந்துபோட்டு, ரப்பர் மூடிகளைக் கழற்றி, தினம் ஒரு தடவை கம்ப்ரஷர் காற்றும் அடித்தாயிற்று. இன்று கேமராவில் எங்கேயும் பளபளப்பு இல்லை. ஈரத்தின் மேல் மெழுகு அடித்தால் அந்த ஈரத்துக்கும் சேர்த்துக் காவல் வைத்தது போலாகும்.

ஆகஸ்ட் 24

மெழுகு நாள். 500 மில்லி டப்பா ஆறு. காலையிலேயே டப்பாக்களை வெயிலில் வைத்துவிட்டோம், இளகினால்தான் ஓடும். முழங்கை நீளத்துக்கும் மேல் ஒரு மெல்லிய குழாய், அதன் நுனி நாலா பக்கமும் பீய்ச்சும். கடைசிவரை உள்ளே விட்டு, அழுத்திக்கொண்டே மெதுவாக இழுக்க வேண்டும். மாஸ்க் போட்டும் நெடி நெஞ்சில் ஏறியது. பக்கத்தில் பீடி பற்றவைத்தவரை அண்ணாச்சி விரட்டியே விட்டார்.

கதவின் அடியில் வெளித்தகடு உள்தகட்டைச் சுற்றி மடிந்திருக்கும், புடவை ஓரம் மடித்து அடித்த மாதிரி. கண்ணாடி ரப்பர் வழியாக இறங்குகிற தண்ணீர் கடைசியில் தங்குவது அந்த மடிப்பில்தான். கதவுக்குள் அடித்துவிட்டுக் காத்திருந்தேன். ஐந்து நிமிடம் போல ஆனதும் மடிப்பின் வெளி ஓரத்தில் தேன் நிறத்தில் ஒரு கோடு கசிந்தது. திரியில் எண்ணெய் ஏறுவது போல மெழுகு இடுக்கு வழியாக ஊறி வந்திருக்கிறது. கையில் தொட்டு அப்பாவிடம் காட்டினேன்.

“முன்னெல்லாம் பழைய என்ஜின் ஆயிலத்தான் அடிப்போம். ரெண்டு மழைக்குத் தாங்காது, ரப்பர் வேற உப்பிப் போவும்” என்றார் அண்ணாச்சி. மெழுகில் கரைப்பான் ஆவியானபின் படலம் நின்றுவிடுகிறது. முழுக்க இறுகாமல் கொஞ்சம் பிசுபிசுப்பாகவே இருப்பதால் தகடு அதிர்ந்தாலும் விரிசல் விடாது. ஏறிய துருவை அது போக்காது. காற்றும் தண்ணீரும் அதை நெருங்காமல் தடுக்கும்.

அன்று நறுக்கி வாங்கிய இரண்டு பட்டைகளில் ஒன்றுக்கு மட்டும் மெழுகு அடித்து, இரண்டையும் மொட்டைமாடிக் கொடியில் கட்டினேன். தினம் காலையில் ஒரு கை உப்புத் தண்ணீர்.

செப்டம்பர் 8

சும்மா விட்ட பட்டை முழுக்கச் சிவந்து, விரலில் பொடியாக ஒட்டுகிறது. மெழுகுப் பட்டையில் கொடிக்கயிறு உரசிய இடத்தில் மட்டும் ஒரு நகக்கீறல் அளவு சிவப்பு.

சாயங்காலம் நான்கு கதவுக் கண்ணாடி மேலும் வாளியால் தண்ணீர் ஊற்றினேன். மூன்று கதவின் அடியிலும் சொட்டியது. வலது பின்கதவில் ஒன்றும் வரவில்லை. வழிந்த மெழுகு ஓட்டையை அடைத்திருக்கிறது. அடித்த மறுநாளே பார்த்திருக்க வேண்டும், நான் பார்க்கவில்லை. விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கு உருவிக் குத்தினேன். மஞ்சள் உருண்டை ஒன்று விழுந்தது, பின்னாலேயே தண்ணீர்.

அப்பா குனிய முடியாமல் குனிந்து, கதவுக்கு அடியில் உள்ளங்கையை நீட்டி, அது சொட்டி முடிகிறவரை பிடித்துக்கொண்டிருந்தார்.