அப்பா பெயர் எங்கே நிற்கிறது?

முத்தாண்டிக்குப்பத்தில் ஒரு குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தால், அதன் பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தக் குழந்தைக்கு ஒரு குழந்தை பிறந்தால் எழுத்து மாறிவிடும். இது நம் வழக்கம் மட்டுந்தான் என்று நினைக்கிறீர்களா, சகோதரிகளே?

17-ஆம் நூற்றாண்டில் நம் பரங்கிப்பேட்டைக்குத் துணி வாங்க வந்த டச்சுக்காரர்களிடமும் இதே வழக்கம் இருந்தது. யான் என்பவரின் மகன் 'யான்ஸோன்'. சுருக்கி எழுதினால் 'யான்ஸ்'. அவன் பெயர் பீட்டர் என்றால், அவன் மகன் 'பீட்டர்ஸோன்'. 1606-இல் ஆஸ்திரேலியக் கரையில் இறங்கிய வில்லெம் யான்ஸோனும் ஒரு யானின் பிள்ளைதான்.

1811-இல் நெப்போலியன், எல்லாரும் நிலையான குடும்பப் பெயரைப் பதிய வேண்டும் என்று உத்தரவிட்டார். மாறிக்கொண்டே வந்த அப்பா பெயர் அப்படியே உறைந்துவிட்டது.

இலங்கையிலே தங்கிவிட்ட டச்சு வமிசத்தாரான பறங்கியரிடையே யான்ஸ் என்ற பெயர் நிலைத்தது. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்றானபின், அவர்களில் பலர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தனர். வில்லெம் இறங்கிய நாட்டுக்கே அந்தப் பெயரும் போய்ச் சேர்ந்தது!

இன்று வெளிநாடு போகும் நம் பிள்ளைகளுக்கும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே குடும்பப் பெயராகிவிடுகிறது. பேரனும் அதையே சுமப்பான். யான்ஸ் என்ற பெயரில் யான் இருக்கிறார். அவர் மனைவியைக் காணோமே! ஆகவே, ஒரு நோட்டுப் புத்தகத்தில் தாத்தாக்களோடு பாட்டிகளின் பெயர்களையும் இன்றே எழுதி வையுங்கள்.