அணைத்த பின்னும் நிற்கும் முள்

மின்னணுக் கருவிகள் எல்லாமே ஓரளவு முணுமுணுக்கின்றன. வானொலிக்கும் தமக்கும் தொடர்பே இல்லாத கருவிகள்கூட, உள்ளே ஓயாமல் துடிக்கும் கடிகாரச் சுற்றினால் சிறிதளவு வானொலி அலையை வெளியே கசியவிடுகின்றன. அந்தக் கசிவுக்கு வரம்பு உண்டு. 1934இல் தொடங்கப்பட்ட ‘சிஸ்பர்’ என்னும் சர்வதேசக் குழு வகுத்த வரம்புகளே பல நாடுகளின் விதிகளுக்கு அடிப்படை. வீட்டில் வைக்கும் கருவியாயின், 30 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரை, பத்து மீட்டர் தொலைவில் அதன் அலைவலிமை மீட்டருக்குச் சுமார் 32 மைக்ரோவோல்ட்டைத் தாண்டலாகாது. நகரத்துப் பண்பலை நிலையமோ அதைப்போல் நூறு மடங்கு வலிமையுடன் தெருவெங்கும் நிறைந்திருப்பது சாதாரணம். தேர்த் திருவிழாவின் நடுவே நின்று, ஒருவர் தமக்குள் முணுமுணுப்பதை அளக்க வேண்டும். இத்தொழிலின் சிக்கல் இதுதான்.

வசதி உள்ளவர்கள் உலோகச் சுவரெழுப்பி, உட்புறம் கரியூட்டிய நுரைக் கூம்புகளைப் பதித்து, வெளியுலகமே எட்டாத அறையைக் கட்டிக்கொள்கிறார்கள். இல்லாதவர்கள் ஊருக்கு வெளியே திடலைத் தேடிப் போகிறார்கள். இரண்டாம் வகையைச் சேர்ந்த நண்பர் ஒருவருடன் ஒரு நாள் மாலை முதல் நள்ளிரவு வரை இருந்தேன். வீட்டு வாசலில் பொருத்தும் காமிரா ஒன்றைச் சிறிய பட்டறையில் உருவாக்கியிருந்தவரும் உடனிருந்தார். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் முன் அதை ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வேலை கருவியை இயக்குவது அன்று, அணைத்து வைப்பது. அணைத்தபின் திரையில் முட்களாக எழுந்து நிற்பவை அனைத்தும் ஊருடையவை. வரம்பில் பாதிக்குக் கீழே, அதாவது ஆறு டெசிபெல் தாழ, அவை அடங்கியிருப்பது நல்லது என்கிறது விதி. திடலில் அது எங்கே நடக்கிறது? நண்பர் ஒவ்வொரு முள்ளின்மீதும் அலைவாங்கியை நிறுத்தி ஒலிபெருக்கியைத் திறந்தார். ஒன்றில் திரைப்பாடல், ஒன்றில் விளம்பரம். அளவுக்கருவியைவிடக் காது விரைவாகத் தீர்ப்புச் சொல்லும் இடமும் உண்டு என்று அன்றுதான் கண்டேன்.

பிறகு காமிராவை இயக்கினார். அதன் கடிகாரப் படிகம் 25 மெகாஹெர்ட்ஸ். 50, 75, 125 ஆகிய இடங்களில் புதிய முட்கள் தோன்றின. 100இல் மட்டும் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. அங்கே ஏற்கெனவே ஒரு வானொலி நிலையத்தின் கரை இருந்தது. இருபுறமும் முளைத்தது நடுவில் மட்டும் ஏன் முளைக்காமல் போகும் என்றார் நண்பர். அலைவாங்கியின் வடிகட்டியைக் குறுக்கியதும், பாட்டின் அகன்ற மேட்டினுள் ஊசிபோல் ஒன்று தென்பட்டது. காமிரா இருந்த மேசையைச் சுழற்றினார். ஊசி ஏறி இறங்கியது, மேடு அசையவில்லை. ஆண்டெனாவைப் பத்து மீட்டரிலிருந்து மூன்று மீட்டருக்குக் கொண்டுவந்தபோது ஊசி ஏறத்தாழ மும்மடங்கானது. எங்கோ தொலைவில் கோபுரம் கொண்ட நிலையத்துக்கு இந்த ஏழு மீட்டர் ஒரு பொருட்டில்லை.

ஏடுகளை ஒப்புநோக்கி இடைச்செருகலைப் பிரித்தறியும் பதிப்பாசிரியர்களின் நினைவு எனக்கு வந்தது. ஆனால் அவர்களுடைய ஏடுகள் மேசையில் அசையாமல் கிடக்கும். இவருடைய ஏட்டிலோ நொடிக்கு நொடி எழுத்து மாறுகிறது. எங்கோ பற்றவைப்பு வேலை தொடங்கினால் திரை முழுவதும் சிலிர்க்கிறது. விமானி ஒருவர் பேசினால் 118க்கு மேல் எங்கேனும் ஒரு முள் எழுந்து மறைகிறது.

காமிராக்காரர் எளிதில் ஒப்பவில்லை. “சார், நம்ம பெட்டியை அணைச்சாலும் அங்க முள் நிக்குதே! அவ்வளவு பெரிய பாட்டுக்கு அடியில இது கிடந்தா யாருக்கு நஷ்டம்?” வலுவான வாதம் என்றே எனக்குத் தோன்றியது. “சுற்றுப்புற அலை” என்று ஒரு சொல் எழுதிவிட்டு அந்த வரியைக் கடந்துவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை.

நண்பர் குரலை உயர்த்தவில்லை. “உங்க காமிரா இந்தத் திடல்லயே இருக்கப் போறதில்லைங்க. இந்த ஸ்டேஷன் எட்டாத ஊர்லயும் ஒருத்தர் வாங்கி மாட்டுவாரு. அங்க அதே இடத்துல வேற ஒரு ஸ்டேஷன் ரொம்ப மெலிசாக் கேட்டுக்கிட்டு இருக்கும். அதை நம்பி இருக்கிறவருக்கு இந்த ஊசிதான் பெரிய சத்தம்.”

பின்னர் இதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு செய்தியைப் படித்தேன். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் நகரருகே 64 மீட்டர் விட்டமுள்ள வானொலித் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. 1998 முதல் அது அவ்வப்போது விளங்காத துடிப்புகளைப் பதிவு செய்துவந்தது. 2015இல்தான் காரணம் தெரிந்தது: வளாகத்திலிருந்த மைக்ரோவேவ் அடுப்பு. அது தானே நிற்கும்வரை பொறுக்காமல் யாரேனும் கதவைத் திறந்தால், அணையும் கணத்தில் ஓர் அலை வெளியே தப்பியிருக்கிறது. தம் உணவைச் சூடாக்கிக்கொண்டவருக்கு அது ஓசையே இல்லை.

நண்பர் அறிக்கையில் 100 மெகாஹெர்ட்ஸுக்கு எதிரே, மூன்று மீட்டரில் எடுத்த அளவையும் அதை எடுத்த முறையையும் எழுதி, வரம்பை மீறுகிறது என்று குறித்தார். காமிராக்காரர் இருமுறை படித்தார். பின்பு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, சுற்றுப்பலகையில் அந்தப் படிகத்தை இடம் மாற்றினால் எவ்வளவு ஆகும் என்று தாளின் பின்புறம் கணக்குப் போடத் தொடங்கினார்.