சாக்பீஸ் கோடு

ஆனைமலைப் பக்கம் ஒரு டிராக்டர் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் முடித்திருந்ததால், பாதி வேலை தெரிந்துவிட்டது என்ற நினைப்பு. முதல் ஆறு மாதம் நான் செய்தது ஒரே வேலைதான்: டீசலில் சாமான் கழுவுவது. பட்டறைக்காரரை ஊரே 'அண்ணன்' என்றுதான் கூப்பிடும். அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

ஒரு சாயங்காலம் அந்த வண்டி வந்தது. மாஸி பெர்குசன் 1035. சிவப்புப் பெயிண்ட் வெளுத்துச் செங்கல் நிறமாகியிருந்தது. பின்னால் மாட்டியிருந்த ஒன்பது கொத்துக் கலப்பையைச் சங்கிலி போட்டுத் தூக்கிக் கட்டியிருந்தார்கள்.

"லிப்ட் தூக்குதுங்கண்ணா, ஆனா நிக்க மாட்டேங்குது. ரோட்டுல வந்தா கலப்ப தார தொட்டுருது," என்றார் தோட்டத்துக்காரர்.

எங்கள் பக்கம் தோட்டம் என்றால் கிணறும் தென்னையும் வீடும் சேர்ந்தது. தென்னை வரிசைக்குள் வளைந்து திரும்ப இந்தப் பழைய மாஸிபோல வாகான வண்டி கிடையாது. அதனால்தான் பெரிய வண்டி வாங்கிய பிறகும் இதை யாரும் விற்பதில்லை. இவரோ தோப்போடு நிறுத்தாமல் நெல் வயலில் கேஜ் வீல் மாட்டிச் சேற்றிலும் ஓட்டியிருந்தார். டிப் ஸ்டிக்கை உருவினேன். எண்ணெய் பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தது.

"தண்ணி எறங்கிருக்குது," என்றார் அண்ணன். அப்புறம் என்னைப் பார்த்து, "பம்பு போச்சுன்னுதான நெனைக்கற?"

அதைத்தான் நினைத்தேன்.

"பம்பு போச்சுன்னா எப்பிடித் தூக்கும்? தூக்குனது எதனால எறங்குதுன்னு பாரு."

இந்த வண்டியில் ஹைட்ராலிக் பம்பு வெளியே தெரியாது. சீட்டுக்குக் கீழே, கியர் எண்ணெயிலேயே மூழ்கிக் கிடக்கும். மேலே ஒரு கனமான மூடி. லிப்ட் கவர் என்போம். தூக்குகிற சிலிண்டர் அந்த மூடியின் அடியில் தொங்கும். பம்பிலிருந்து எண்ணெய் ஒரு சின்னக் குழாய் வழியாக மேலே ஏறிப் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் ஒரு தண்டைத் தள்ள, அது குறுக்கு ஷாப்டைத் திருப்பும், இரண்டு கைகளும் மேலே எழும். 2.5 அங்குலப் பிஸ்டனில் சதுர அங்குலத்துக்கு 2,000 பவுண்டு அழுத்தம் விழுந்தால் நாலு டன்னுக்கு மேல் தள்ளும். ஏறுவதற்குத்தான் பம்பு. இறங்குவது கலப்பையின் சொந்தக் கனத்தில். அந்த எண்ணெய் எங்கேயும் கசியாமல் இருக்கும்வரைதான் கலப்பை அந்தரத்தில் நிற்கும்.

இந்த ஏற்பாட்டுக்கு அஸ்திவாரம் போட்டவர் ஹாரி பெர்குசன், வட அயர்லாந்து விவசாயி வீட்டுப் பிள்ளை. பட்டறையில் யாரும் அவர் பெயரைச் சொன்னதில்லை. வண்டி முகப்பில் இருப்பது ஓர் ஆளின் பெயர் என்றே எனக்கு வெகுநாள் தெரியாது. அவருக்கு முன்னால் டிராக்டர் கலப்பையை வண்டிபோல இழுத்துக்கொண்டு போகும். கொழு பாறையில் மாட்டினால் முன் சக்கரம் எழும்பி, வண்டி ஓட்டுகிறவர் மேலேயே மல்லாந்து விழுந்துவிடும். கலப்பையை மூன்று இணைப்பில் வண்டியோடு சேர்த்து, ஹைட்ராலிக்கை அதோடு பொருத்தி 1936-இல் டிராக்டராகவே விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1953-இல் அவர் கம்பெனி மாஸி ஹாரிசோடு சேர்ந்தது. 1960-இல் சென்னையில், இந்த வண்டியைத் தயாரித்த டாஃபே கம்பெனி தொடங்கியது. மாஸி நம் காட்டுக்கு வந்தது அந்த வழியில்தான். அந்த மூன்று இணைப்பில் மேல் இணைப்பு முட்டும் இடத்தில் ஒரு தடித்த ஸ்பிரிங் இருக்கும். அதை வெறும் அதிர்வு தாங்கி என்று நினைத்திருந்தேன். மண் இறுகினால் அது அமுங்கி, உள்ளே வால்வுக்குச் சேதி சொல்லி, கலப்பையைக் கொஞ்சம் மேலே எடுக்கவைக்கும்.

மறுநாள் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, பக்கவாட்டு மூடியைக் கழற்றினோம். கலப்பையைத் தூக்கி, அடியில் கட்டை கொடுத்தோம். கட்டைக்கும் கலப்பைக்கும் நாலு விரல் இடைவெளி. இன்ஜினை நிறுத்தியபின் அண்ணன் டார்ச்சை என் கையில் கொடுத்தார். சிலிண்டர் வாயில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. குழாய் அடியிலும் ஈரம். பிஸ்டன் ரிங்கும் குழாயின் ஓ-ரிங்குகளும் தேய்ந்திருந்தன. பம்பு நன்றாக இருந்தது. முந்தின நாள் என் பேச்சைக் கேட்டிருந்தால் தோட்டத்துக்காரர் புதுப் பம்புக்குப் பணம் கட்டியிருப்பார்.

மீதி எண்ணெயையும் வடித்துவிட்டு, செயின் பிளாக்கில் மூடியைத் தூக்கினோம். பனியன் வேஸ்ட்டை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் அதைப் பிடுங்கித் தூர எறிந்தார். திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் அதுதான் எங்கள் பட்டறைக்கே கைத்துண்டு. ஆனால் ஒரு நூல் வால்வில் மாட்டினால் மறுபடி அத்தனையும் கழற்றவேண்டும். துவைத்த பழைய வேட்டித் துணி கொடுத்தார். புது ஓ-ரிங்கை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிப் போட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதைக் கழற்றி, நகக்கீறல் அளவு வெட்டை வெளிச்சத்தில் காட்டிவிட்டு, இன்னொன்றை எண்ணெயில் நனைத்துக் கட்டைவிரலால் உருட்டி உட்காரவைத்தார்.

பெரிய தப்பு அதற்கப்புறம்தான். மூடியிலிருந்து ஒரு லீவர் கீழே தொங்கும். மூடியை இறக்கும்போது அது வால்வுக்கு எதிரே சரியான இடத்தில் போய் உட்காரவேண்டும். பக்கவாட்டு ஓட்டையில் கையை விட்டு அதைப் பிடித்துக் கொடுப்பது என் பொறுப்பு. கண்ணுக்குத் தெரியாது, விரல்தான் பார்க்கவேண்டும். உட்கார்ந்துவிட்டது என்று நம்பி, "ஆச்சுங்கண்ணா" என்றேன். போல்ட் முறுக்கி, சுமார் 30 லிட்டர் புது எண்ணெய் ஊற்றி, ஸ்டார்ட் பண்ணினோம். சீட்டுப் பக்கத்து லீவரை மேலே தள்ளினாலும் கீழே இழுத்தாலும் கைகள் அசையவில்லை.

"விரல் என்ன சொல்லுச்சு?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. நிஜமாக, விரல் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. முழங்கைவரை எண்ணெயில் வழுக்கிக்கொண்டு, எப்போது கையை எடுக்கலாம் என்றுதான் இருந்தேன்.

இரண்டாம் முறை மூடி இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன். லீவர் முதலில் வேறெதன் மேலோ முட்டியது, நகர்த்தினேன், சின்னதாக ஒரு தட்டல். இந்தத் தடவை, "இருங்கண்ணா" என்று சொல்லி இன்னொரு தரம் தடவிப் பார்த்தேன்.

கலப்பை தூக்கியது. இன்ஜினை நிறுத்தி, கொத்து நுனி நின்ற உயரத்தை அண்ணன் சுவரில் சாக்பீசால் கோடு போட்டார். டீ குடித்து வந்து பார்த்தோம், கோட்டிலேயே நின்றது. அடியில் கட்டையை வைத்துவிட்டு, பட்டறையைப் பூட்டினோம்.

காலையில் இரண்டு விரல் அளவு இறங்கியிருந்தது. தோட்டத்துக்காரர் முகம் சுண்டியது. "ஏந் தம்பி, மறுக்கா எறங்கிருக்குதே?"

அண்ணன் என்னைப் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை.

"ராத்திரி பூராத்துக்கும் ரெண்டு விரலுங்க. பழைய வண்டிக்கு இது இருக்குமுங்க. ரோட்டுல போறப்ப பம்பு ஓடிட்டேதான் இருக்கும்," என்றேன்.

அவர் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணி லீவரைத் தள்ளினார். கலப்பை சுவரில் இருந்த கோட்டைத் தாண்டி மேலே போனது. சங்கிலியைச் சுருட்டி மட்கார்டில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். அண்ணன் பனியன் வேஸ்ட்டை என் பக்கம் தள்ளி, தரையைத் துடைக்கச் சொன்னார்.