பெல் இல்லாத சைக்கிள்

தை மாசம் ரதசப்தமிக்கு அண்ணாமலையார் கலசப்பாக்கம் செய்யாற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். அன்றைக்கு ஊரில் கால் வைக்க இடமிருக்காது. அன்றைக்குப் பார்த்துத்தான் கேரியரில் பட்டுப் பாவு கட்டிக்கொண்டு போனேன். சைக்கிளில் பெல்லும் கிடையாது.

நின்ற பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து ஒரு பாட்டி சட்டென்று குறுக்கே வந்துவிட்டார். பிரேக் பிடித்தேன், பின்பாரம் இழுத்துச் சரிந்தேன். எனக்கு முழங்கை தேய்ந்தது. பாட்டி புடவை ஓரத்தில் செயின் கிரீஸ் கறை.

"அடி பட்டுச்சா கண்ணு?" என்று அவர்தான் என்னைத் தூக்கிவிட்டார். நானோ முதலில் பாவைத்தான் தடவிப் பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. லாரிக்காரர்களை எத்தனை முறை திட்டியிருப்பேன்! அந்தப் பாட்டிக்கு நானும் லாரிதானே.

மறுநாளே பெல் மாட்டிவிட்டேன். கூட்டம் என்றால் இப்போது இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறேன்.